நோலனின் தாடி

லெஸ்டரின் முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்கு மேலே மூன்று படங்கள் மாட்டியிருக்கின்றன. முதல் படத்தில் இருப்பவர் என் அப்பா. கோல்பர்ன் ஊருக்கு எழுபத்தைந்து வயது ஆனபோது நடந்த தாடிப் போட்டியில் அவர்தான் ஜெயித்தார். நடுப்படத்தில் இருப்பவன் ராய்ஸ் பிக்ஸ்லி. ஊரின் நூற்றாண்டு விழாவில் என்னைத் தோற்கடித்தவன். மூன்றாவது படம் என் மகன் நோலன்.

இருபத்தைந்து வருஷம் நான் அந்த நடுப்படத்தைப் பார்த்துக்கொண்டேதான் முடி வெட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டால், "என்ன வெண்டல், தூக்கமா?" என்று லெஸ்டர் கேட்பான். எங்கள் லுட்ரெல் குடும்பத்து ஆள் பகலில் தூங்குவதில்லை. அதனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ராய்ஸின் தாடியைப் பார்ப்பேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஊரில் விழா. அந்த வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜூலை நான்காம் தேதிவரை ஆண்பிள்ளை எவனும் சவரம் செய்யக் கூடாது. செய்தே ஆக வேண்டும் என்றால் விழாக் கமிட்டியில் ஒரு வில்லை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் மழுமழுவென்று திரிகிறவனைச் சனிக்கிழமை கடைத்தெருவில் பிடித்துக் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். விளையாட்டுதான். ஆனால் எங்கள் ஊரில் விளையாட்டை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ராய்ஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சாலைக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. எங்கள் இரண்டு நிலத்துக்கும் ஒரே மழைதான் பெய்யும். அவன் சோளம் மட்டும் என் சோளத்தைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும். நூற்றாண்டுப் போட்டியில் அவன் மனைவியின் அத்தை நடுவராக இருந்தாள். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

இனி என் முகத்தில் தாடி வளராது. டிராக்டரின் ரேடியேட்டர் வெடித்து என் தாடையின் இடப்பக்கம் வெந்துபோனது. அதனால் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு நான் நம்பியிருந்தது நோலனை. அவனுக்கு வாய்த்தது என் அப்பாவின் தாடி. செம்பட்டை நிறம், கதிர் முற்றிய வயல்போல அடர்த்தி. ராய்ஸின் மகன் டாரிலுக்கும் நல்ல தாடிதான். அதை நான் மறுக்கவில்லை.

இருவரும் பாப்கார்ன் தொழிற்சாலையில் கலவை அறையில் வேலை பார்த்தார்கள். நோலன் பகல் ஷிப்ட், டாரில் மாலை ஷிப்ட். அந்த அறைக்குள் போவதற்குப் பொட்டலம் கட்டும் வரிசையில் நிற்கிறவர்கள் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். ஓர் ஆள் உயரத் தொட்டியில் சோயா எண்ணெய் சூடாகச் சுழன்றுகொண்டிருக்கும். மூடியைத் திறந்து, உப்பும் மஞ்சள் நிறமும் கொட்டி, கடைசியில் வெண்ணெய் வாசனைப் பசையை வாளி வாளியாக ஊற்ற வேண்டும். ஊற்றும்போது மேலே எழுகிற ஆவி முகத்தில் அடிக்கும். நல்ல கலவைக்காரன் குனிந்து முகர்ந்து பார்த்தே அளவு சொல்லிவிடுவான். நோலன் அதில் கெட்டிக்காரன். அவன் எங்கள் சர்ச்சுக்குள் நுழைந்தால் பின்பெஞ்சுவரை வெண்ணெய் மணக்கும். ஊர் நாய்கள் அவன் பூட்ஸை நக்கிக்கொண்டே பின்னால் வரும்.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. டாக்டர் முதலில் ஆஸ்துமா என்றார். பிறகு, "சிகரெட்டை விட்டால் சரியாகிவிடும்" என்றார். மூன்று தலைமுறையாகப் புகையிலை தொடாத குடும்பம் எங்களுடையது. அந்த டாக்டரின் வாசலை நான் அதன்பிறகு மிதிக்கவில்லை.

பிறகு மற்றக் கலவைக்காரர்களும் இருமத் தொடங்கினார்கள். இலையுதிர்காலத்தில் அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொழிற்சாலை வாசலில் ஒரு வண்டியை நிறுத்தி, ஒவ்வொருவராக ஏற்றி, ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அடுத்த வாரமே அது ஊரில் பந்தயமாகிவிட்டது. யார் நூற்றுக்கு எவ்வளவு ஊதினான் என்பதுதான் லெஸ்டர் கடையில் பேச்சு.

"எம் பய தொண்ணூறு ஊதினான்," என்றான் ராய்ஸ். "உம் பய எவ்வளவு?"

"கேக்கல," என்றேன். கேட்டிருந்தேன். எழுபத்தொன்று.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் நெஞ்சில் இருந்தது பயம் இல்லை. இதிலும் அவன் ஒரு சாண் உயரமாகிவிட்டானே என்ற எரிச்சல்தான் இருந்தது. இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

பிப்ரவரியில் கலவைக்காரர்களுக்கு முகமூடி கொடுத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடி, இரண்டு பக்கமும் வட்டமான வடிகட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வீட்டில் சாப்பாடு. பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு மசியலும் மேஜையில் இருந்தன. நோலன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா, அந்த முகமூடி முகத்தோட அப்படியே ஒட்டணுமாம். தாடி இருந்தா ஓரமா ஆவி உள்ள வந்துருமாம். எடுத்துரலாம்னு இருக்கேன்."

"எவன் சொன்னான்?"

"கவர்ன்மென்ட்லேருந்து வந்திருக்கற அந்தம்மா."

"அந்தம்மாவுக்கு நம்ம ஊர் எங்க இருக்குன்னு போன வருஷம் வரைக்கும் தெரியாது."

"நுரையீரல் எங்க இருக்குன்னு தெரியும் மாமா," என்றாள் கார்லீன். நோலனின் மனைவி. என் வீட்டில் எனக்கு எதிராகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். "கோழி இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா? பேசிப் பேசிக் களைச்சுட்டீங்க."

"டாரில் நேத்தே எடுத்துட்டான்," என்றான் நோலன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. டாரில் எடுத்துவிட்டான் என்றால் போட்டியில் பிக்ஸ்லி இல்லை. என் அப்பாவின் படம் இருக்கிற அதே சுவரில் இன்னொரு லுட்ரெல்.

"பிக்ஸ்லி எடுப்பான். பாதியில எறங்கி ஓடறது அவங்க வழக்கம்," என்றேன். "நாம எடுக்கறதில்ல."

"இது ஓட்டப்பந்தயம் இல்ல மாமா. இவருக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது."

"ஜூலை நாலு வரைக்கும்தானே? அஞ்சு மாசம். அஞ்சு மாசத்துல என்ன ஆயிடும்?"

"அத அவர் நெஞ்சக் கேளுங்க."

நோலன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "சரிப்பா," என்றான். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான். நான் சொன்னால் சரி.

ஆவி உள்ளே வராமல் இருக்க வழியும் நான்தான் கண்டுபிடித்தேன். தொழுவத்திலிருந்து மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு டப்பாவை எடுத்து வந்தேன். குளிரில் வெடித்த மடியையே அது மூடிவிடும், தாடி எம்மாத்திரம்? முகமூடி படுகிற இடத்தில் விரல் கனத்துக்குத் தடவச் சொன்னேன். அவன் தடவி, முகமூடியை மாட்டி, மூச்சை இழுத்துப் பார்த்தான்.

"ஒட்டுதா?"

ரப்பருக்குள்ளிருந்து ஏதோ சொன்னான்.

"மாடு மாதிரி மணக்குதுன்னு சொல்றார்," என்றாள் கார்லீன். அவள் சிரிக்கவில்லை.

தொழிற்சாலைச் சூப்பர்வைசரும் அப்போது தாடி வளர்த்துக்கொண்டிருந்தான். அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனையா இருக்கே!" என்று அவனும் ஒன்று வாங்கிக்கொண்டானாம். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

டாரில் வில்லை வாங்கவில்லை. "நெஞ்சுக்காக செரச்சேன், அதுக்கு எதுக்கு வில்லை?" என்று கேட்டானாம். ஏப்ரல் முதல் சனிக்கிழமை, ஐஸ் மாதிரித் தண்ணீர், அவனைத் தூக்கித் தொட்டியில் போட்டார்கள். ஊரே கூடி நின்றது. உள்ளே போனவன் வெளியே வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்கள். யாரோ ஒருத்தி கத்தத் தொடங்கியபோது தலையை வெளியே நீட்டினான்.

"அறுவது எண்ணிட்டேன்! மூச்சு இருக்கறவன் எவனாவது உள்ள எறங்குங்கடா பாப்போம்!"

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன், ராய்ஸின் மகன் நனைந்த கோழிபோல நிற்கிறானே என்று. என் பக்கத்தில் நோலனும் சிரித்தான். சிரிப்பு இருமலானது. கூட்டம் கலைந்த பிறகும் அவன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று இருமிக்கொண்டிருந்தான்.

ராய்ஸ் அன்று முகம் சிவந்து, மகனுக்குத் துண்டுகூடக் கொடுக்காமல் தன் லாரியில் ஏறிப் போனான். அந்த வசந்தகாலம் முழுக்க அப்பனும் மகனும் சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. தோல்வியின் அவமானம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு பெஞ்சுகளையும் பார்ப்பது எனக்குப் பிரசங்கத்தைவிட இனித்தது.

ஜூலை நான்காம் தேதி நோலன் ஜெயித்தான். மேடைக்கு மூன்று படி. இரண்டாவது படியில் அவன் நின்று, கைப்பிடியைப் பற்றி, மூச்சைச் சேகரித்துக்கொண்டுதான் மூன்றாவது படியில் ஏறினான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கூட்டத்தில் ராய்ஸின் முகம் எங்கே என்று தேடினேன்.

மறுநாள் காலையில் கார்லீனே கத்தரிக்கோலை எடுத்துத் தாடியை வெட்டினாள். ஆகஸ்டில் அரசாங்க வண்டி மறுபடி வந்தது. நோலன் ஊதியது நாற்பத்துநான்கு. அடுத்த வருஷம் முப்பது. இப்போது இருபத்திரண்டு. டாரில் இன்றுவரை எண்பத்தெட்டில் நிற்கிறான்.

செயின்ட் லூயிஸ் ஆஸ்பத்திரி டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். அந்த வெண்ணெய் வாசனையில் இருக்கும் ஒரு ரசாயனம்தான் காரணம் என்றார். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாததாம். சூடான ஆவியாக நாள் முழுக்க மூச்சில் போனால் நுரையீரலின் கடைசிக் குழாய்களைத் தழும்பாக்கி அடைத்துவிடுமாம். அடைத்தது திறக்காதாம்.

"அந்த அஞ்சு மாசத்துனால எவ்வளவு போச்சு?" என்று கேட்டேன்.

"முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. அந்த அஞ்சு மாசம் எவ்வளவு எடுத்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது சார்."

சொல்ல முடியாது என்ற வார்த்தை நிம்மதி தரும் என்று நினைத்தேன். தரவில்லை.

நோலனும் கார்லீனும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் மாடிப்படி. நாற்பத்திரண்டு வயதில் என் மகன் மூக்கில் குழாயோடு சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். ஊரில் பேசிக்கொள்வதும் என் காதில் விழுந்தது. "அழகுக்கு ஆசப்பட்டு நெஞ்சக் கெடுத்துக்கிட்டான்." நோலன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நானும்தான்.

இதற்கு நடுவில் டாரில் வரத் தொடங்கினான். கேட்காமலேயே வந்து புல் வெட்டுவான், கூரையேறி ஓடு மாற்றுவான், குளிர்காலத்துக்கு விறகு அடுக்குவான். சில நாள் ராய்ஸும் கூட வருவான். டாரில் வேலை செய்யும்போதெல்லாம் விசில் அடிப்பான். எனக்கு அந்த விசிலைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு பாட்டு முழுக்க, நிறுத்தாமல், விறகுக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு! அவ்வளவு காற்றை ஒருத்தன் வீணாக்குகிறானே என்று பல்லைக் கடிப்பேன். ராய்ஸின் சோளத்தின்மேல், அவன் படத்தின்மேல் நான் பட்ட பொறாமையெல்லாம் அந்த விசிலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

போன மார்ச்சில் ஆஸ்பத்திரியிலிருந்து மிஸ் அட்கிசன் என்ற பெண் வந்தாள். மாற்று நுரையீரலுக்கான பட்டியலில் நோலனைச் சேர்க்கலாமா என்று ஒரு குழு முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் வீட்டாரிடம் பேசுவது வழக்கமாம். சமையலறை மேஜையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். பின்வாசல் திறந்திருந்தது. ராய்ஸும் டாரிலும் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வேலைக் குறிப்புல ஒரு வரி இருக்கு," என்றாள் அவள். "முகமூடிக்காகத் தாடி எடுக்கச் சொன்னப்ப எடுக்கல, சொந்த விருப்பம்னு. குழுவுல அதப் பத்திக் கேக்கறாங்க. புது நுரையீரல் வெச்சா, சாகற வரைக்கும் மணி தவறாம மாத்திரை சாப்பிடணும். சொன்ன பேச்சு கேக்காதவங்களுக்குக் குடுத்தா அந்த நுரையீரலும் வீணாப் போயிரும். அதனால கேக்கறேன். ஏன் எடுக்கல?"

நோலன் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "எனக்கு... தாடி புடிக்கும் மேடம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கார்லீன் என்னைப் பார்த்தாள். சுள்ளென்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மிஸ் அட்கிசன் பேனாவை எடுத்தாள். வெளியே விறகு விழும் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ராய்ஸ் வாசல்படியில் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவன் அங்கே நிற்கவில்லையென்றால் உடனே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் காதுபட, என் வீட்டில், என் வாயால்! என் மகனின் மூச்சுக்கும் ராய்ஸின் காதுக்கும் நடுவில் நான் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அவள் எழுதத் தொடங்கிவிட்டாள்.

"அத எழுதாதம்மா," என்றேன். "பொய்."

"அப்பா, விடுங்க..."

"நீ சும்மா இரு." அவன் சும்மா இருந்தான். "அவன் எடுக்கறேன்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். போட்டிக்காக. மாட்டு மடிக் களிம்பத் தடவிக்கிட்டு போடான்னு நான்தான் அனுப்பினேன். எழுதிக்கோ. வெண்டல் லுட்ரெல்னு பேர் போட்டு எழுதிக்கோ."

அவள் பேனாவை நிறுத்தினாள். "நீங்க சொன்னதுக்காகவா எடுக்கல?"

"நான் சொன்னத அவன் ஒரு நாளும் மீறினதில்ல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட."

அதைத்தான் அவள் எழுதினாள். எழுதி, அடிக்கோடும் போட்டாள். குழுவுக்கு அதுதான் தேவையாக இருந்தது. ஏப்ரலில் நோலனின் பெயர் பட்டியலில் ஏறியது. இப்போது போனுக்காகக் காத்திருக்கிறோம்.

அன்று அவள் போன பிறகு நான் பின்வாசலுக்கு வந்தேன். ராய்ஸ் விறகின்மேல் உட்கார்ந்திருந்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"கேட்டேல்ல?" என்றேன். "போய் லெஸ்டர் கடையில சொல்லு."

"யோவ், உக்காரு."

"நிக்கறேன்."

"நின்னுக்கோ." அவன் கையுறையைத் தொடையில் தட்டினான். "நானும் டாரில்கிட்ட அதேதான் சொன்னேன்."

"எத?"

"எடுக்காதடான்னு. வெண்டல் மகன் ஜெயிச்சுட்டா எம் படத்துக்குப் பக்கத்துல அவன் படம் வந்துரும், நான் செத்தாலும் அதப் பாக்க மாட்டேன்னு கத்தினேன். கேக்காம எடுத்துட்டான். நீ என்னவோ களிம்பு கண்டுபுடிச்சியாமே, அதக் கேள்விப்பட்டு, மறுபடி வளருடான்னு ஒரு டப்பா வாங்கிக் கொண்டாந்து குடுத்தேன். சோளக்காட்டுல தூக்கி வீசிட்டான். 'என் நெஞ்சு உன்னோடதில்லப்பா'ன்னான். ஆறு மாசம் அவன் மூஞ்சில முழிக்கல நான்."

அந்த இரண்டு பெஞ்சுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

டாரில் இன்னொரு கட்டு விறகைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், விசில் அடித்தபடியே.

"படியெல்லாம் ஈரமா இருக்குடா, மெல்ல ஏறு," என்றான் ராய்ஸ்.

டாரில் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனான். ராய்ஸ் சலித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், சொன்னால் எங்கே கேட்கிறான் என்பதுபோல.

உள்ளே ஜன்னலோரம், நான் சும்மா இரு என்று சொல்லிவிட்டு வந்த இடத்திலேயே, அப்படியே நோலன் உட்கார்ந்திருந்தான். ராய்ஸ் பிக்ஸ்லியின்மேல் நான் அதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது.